கை மட்டும் போதும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே பல் டாக்டர் போன். அவர் கிளினிக்குக்கு நான் வரைந்த பல் சிரிக்கிறதாம், பிடிக்கவில்லையாம். சிரிக்கிற பல்தான் வேண்டும் என்று போன வாரம் கேட்டதே அவர்தான். “சிரிக்கட்டும்மா, ஆனா கொஞ்சம் மரியாதையா சிரிக்கட்டும்” என்றார். மரியாதையாகச் சிரிக்கிற பல்லுக்கு நான் எங்கே போவேன். மதியம் கல்யாண மண்டபக்காரர் வந்தார். வெப்சைட் முகப்பில் கோபுரமும் வேண்டும், ஹெலிகாப்டரும் வேண்டும். உங்கள் மண்டபத்தில் ஹெலிகாப்டர் இறங்குமா என்று கேட்டேன். “இறங்காது. இறங்குற மாதிரி ஒரு ஃபீல் வேணும்” என்றார்.

என்றைக்காவது யாராவது இதை எடுத்துப் படித்தால் தலைகால் புரியட்டும் என்று சொல்லிவைக்கிறேன். மதுரை கே.கே. நகரில் ஒரு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. பெயர் நீலவரி. லோகோ, பாக்கெட், போர்டு, வெப்சைட் எல்லாம் செய்கிறோம். என் கணவர் கதிரேசன் ஆட்களைப் பார்த்துப் பேசி வேலை பிடிப்பார். நான் வரைவேன், எழுதுவேன், அச்சுக்கு அனுப்புவேன். பரக்கத் வெப்சைட் கட்டுவான். விசிட்டிங் கார்டில் கதிரேசன் பெயருக்குக் கீழே ‘நிறுவனர், தலைமை டிசைனர்’ என்று இருக்கும். அவருக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. ஆனால் பேசுகிற ஆள் டிசைனராக இருந்தால்தான் மதிப்பு என்பார். சரிதானே. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

புது வேலை வந்திருக்கிறது. பெரிய வேலை. அருப்புக்கோட்டை ‘கனியம்மா குழம்புப் பொடி’.

நானே அந்தப் பொடிதான் வாங்குகிறேன். மஞ்சள் பாக்கெட், நடுவில் ஒரு அம்மாவின் படம், யாரோ செல்போனில் எடுத்தது. முகத்தில் பாதி வெயில், பாதி நிழல். எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். டிசைன் என்று பார்த்தால் கண்றாவி. ஆனால் கடையில் தூரத்திலிருந்தே தெரியும்.

வந்தவர்கள் இரண்டு பேர். தங்கபாண்டி அண்ணாச்சி, அவர் மகன் ரூபன். ரூபன் சென்னையில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்திருக்கிறான். அந்த அம்மா, சண்முகக்கனி, அண்ணாச்சிக்கு அண்ணன் மனைவி. அண்ணன் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கிறார். அவர் விழுந்த வருடம் அந்த அம்மா வீட்டில் பொடி இடித்து விற்க ஆரம்பித்ததுதான் இன்று மில்லாகி நிற்கிறது. மெஷின் வாங்கிப் போட்டது நாங்கள் என்று அண்ணாச்சி மூன்று தடவை சொன்னார்.

இனிமேல் பெயர் ‘பொன்னுச்சாமி அன் சன்ஸ், 1948 முதல்’. பொன்னுச்சாமி யாரென்றால் அண்ணாச்சியின் அப்பா. அவர் என்ன பொடி விற்றார் என்று கேட்டேன். வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தாராம்.

“அப்ப அந்த அம்மா படம்?” என்றேன்.

“அது வேணாம். அப்பா படத்தைப் போட்ருவோம். குடும்பத்துப் பொம்பளை படம் பாக்கெட்டுல இருக்கு. காலிப் பாக்கெட் ரோட்டுல கிடக்கு, கண்டவன் மிதிச்சிட்டுப் போறான். நமக்கு அது கௌரவமா இருக்கா சொல்லுங்க” என்றார் அண்ணாச்சி.

அப்பாவின் முகத்தை மிதித்தால் பரவாயில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. கதிரேசன் மேசைக்கு அடியில் என் காலை அமுக்கினார். “சூப்பர் ஐடியா அண்ணாச்சி. பாரம்பரியத்தை விக்கிறோம்” என்றார்.

ஜூலை 14, திங்கள்

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். யார் வந்தாலும் ஒரு வருடம் போட்டுக் கொடுப்போம். ஓரம் தேய்ந்த வட்டம், உள்ளே பழைய காலத்து எழுத்து, ‘1952 முதல்’. போன வருடம் திறந்த பேக்கரிக்கு 1931 போட்டேன். அந்தப் பையன் அப்பாவே அப்போது பிறந்திருக்க மாட்டார். இதுவரை எனக்கு உறுத்தியதில்லை.

இன்று பொன்னுச்சாமி தாத்தாவைத் தயார் செய்தேன். ஒரு கல்யாண குரூப் போட்டோவில் கடைசி வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கண்ணைத் திறந்துவிட்டேன். வேறு யாரோ ஒருவரின் கண். தலைப்பாகை கட்டினேன். கதிரேசன் பின்னால் நின்று, “மீசையைக் கொஞ்சம் முறுக்கி விடு” என்றார். முறுக்கினேன். இந்த ஆள் சைக்கிள் பஞ்சர் ஒட்டின ஆள், மிளகாய்க்கும் இவருக்கும் சம்பந்தம் சாப்பிட்டதோடு சரி. பற்றிக்கொண்டு வந்தது.

மாலை ‘நம் கதை’ பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். “மூன்று தலைமுறைக் கைமணம்.” நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூலை 19, சனி

கேஸ்காரனோடு சண்டை. சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வர மாட்டானாம்.

ஜூலை 23, புதன்

வெப்சைட்டுக்குப் படம் எடுக்க அருப்புக்கோட்டை மில்லுக்குப் போனேன். கேமரா நான், லைட் பரக்கத். கிளம்பும்போதே கதிரேசன் சொல்லி அனுப்பினார். “அந்தம்மா வறுக்கிற மாதிரி, அள்ளுற மாதிரி எடு. கை மட்டும் போதும். மொகம் வரக் கூடாது. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிக்காத, குடும்ப விசயம், அவங்களே சொல்லிக்குவாங்க.”

சண்முகக்கனி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அரக்குப் பட்டுச் சேலை. தலை நிறையக் கனகாம்பரம். புதுத் தோடு. முகத்தில் பவுடர் கழுத்து வரை திட்டாக இருந்தது. பழைய படத்தில் இருந்த சாதாரணச் சேலை அவருக்கு இத்தனை வருடமும் குறையாக இருந்திருக்கிறது போல. “அன்னைக்கு அடுப்படியில நின்னமேனிக்கே எம்மக எடுத்துட்டா. மூஞ்சியக்கூடக் கழுவல. அதைப் போய் ஊரு பூராம் ஒட்டிட்டாக. இந்தத் தடவையாச்சும் நல்லா எடுத்துரு தாயி” என்றார்.

சரிக்கா என்றேன்.

மிளகாய் வறுக்கச் சொன்னேன். சட்டியில் ஒரு கல் உப்பைப் போட்டுவிட்டு வறுத்தார், நெடி ஏறாது என்று. மல்லியை அள்ளச் சொன்னேன். அள்ளினார். ஒவ்வொரு தடவையும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நான் லென்ஸை இறக்கிக் கையை மட்டும் எடுத்தேன். காய்த்துப்போன கை. ஒரு விரலில் பழைய தீக்காயம். திரையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, எனக்கு அழுகை வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது.

“மொகம் எப்ப எடுப்ப?” என்றார்.

“அப்புறம்க்கா.”

“வேர்த்து வழிஞ்சிருமேன்னு பார்த்தேன். பவுடர் போயிரும்ல.”

இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அப்புறம் என்றேன். பரக்கத் என் முகத்தைப் பார்க்காமல் லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து சாமானை எடுத்து வைக்கும்போது அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றார். அப்போது ஒன்று எடுத்தேன். முகத்தோடு. எதற்கு என்று கேட்டால் தெரியாது. வெளிச்சம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். வண்டியை நிறுத்தச் சொல்லித் திட்டினேன்.

ஜூலை 26, சனி

வர்த்தக சங்கத்து விழா. நான் போன வருடம் செய்த மல்லிகை சென்ட் பாட்டிலுக்குப் பரிசு. நான் என்றால் நாங்கள். கதிரேசனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தேன். மேடையில் பேச நாலு வரி எழுதியும் கொடுத்தேன். அவர் நன்றாகப் பேசினார். “ராத்திரி பகலா உக்காந்து இந்த மல்லிகை மொட்டை வரைஞ்சேன்” என்றார். அது நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை. அந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரே கம்பெனி, யார் வரைந்தால் என்ன.

விருந்தில் சாம்பாரில் உப்பே இல்லை. பந்தி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். கதிரேசன் “உனக்கு என்னடி ஆச்சு” என்றார். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

தாத்தா பாக்கெட் தயார். அண்ணாச்சிக்கும் ரூபனுக்கும் பிடித்துவிட்டது. மீசைக்குத் தனிப் பாராட்டு.

வேலை முடிந்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் கனி அக்கா படத்தை வைத்தும் ஒன்று செய்து பார்த்தேன். அதே மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முகம். பெயரை மட்டும் நிமிர்த்திக் கையால் எழுதினேன். கை பழக்கத்துக்குத்தான். யாருக்கும் காட்டவில்லை. பல வருடமாக இவ்வளவு நன்றாக ஒன்று வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கனி அக்கா போன் செய்தார். என் நம்பரைப் பரக்கத்திடம் வாங்கினாராம்.

“தாயி, பேக்கிங்ல இருக்க பிள்ளைக ஒண்ணு சொல்லுதுக. எம் படத்தை எடுத்துட்டு மாமனார் படத்தைப் போடப் போறாகளாம்ல. நெசமா?”

தெரியலக்கா என்றேன்.

அக்கா சொன்னார். “அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தாயி கடைக்காரன் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுறான். கனியம்மா வந்துருக்காகங்கான். படம் போச்சுன்னா நான் அந்த வீட்டுல மிளகா வறுக்கிறவ. சோத்தைப் போட்டு மூலையில உக்கார வச்சிருவாக. எம் புருசனுக்கு மருந்து வாங்கக்கூட அவுககிட்டத்தான் கையேந்தணும். உனக்குத் தெரியாம இருக்காது. அன்னைக்கு நீ எம் மூஞ்சியப் பார்க்கவே இல்ல.”

போனை வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அண்ணாச்சி மேல், அந்த எம்.பி.ஏ. மேல், செத்துப்போன பொன்னுச்சாமி மேல்கூட. கதிரேசனிடம் சொன்னேன், இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று. “நமக்கென்ன லோசனி. கேட்டதைச் செஞ்சு குடுக்கிறவங்கதானே நாம. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு, பேசுறதை நான் பார்த்துக்கிறேன்” என்றார். அப்புறம் டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாக்கெட் அச்சுக்குப் போகிறது. இந்தப் பாக்கெட் அச்சடிக்க உலோக உருளையில் டிசைனைச் செதுக்குவார்கள். செதுக்கிவிட்டால் மாற்ற வழியில்லை, புதிதாகத்தான் செதுக்க வேண்டும். அதனால் ஃபைல் அனுப்பும்போது கவனம் தேவை. எங்கள் கம்ப்யூட்டரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’, ‘சத்தியமா ஃபைனல்’ என்று எல்லா வேலைக்கும் நாலைந்து இருக்கும். ஊரில் எந்த ஸ்டூடியோவில் போய்ப் பார்த்தாலும் இப்படித்தான். தப்பான ஃபைல் போய்விடுவது எங்கள் தொழிலில் சகஜம்.

கதிரேசன் அனுப்பிவிட்டாயா என்று கேட்டார். அவர் ஃபைலைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒருமுறைக்கு மூன்றுமுறை பார்த்து அனுப்பிவிட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. மாதிரி பார்த்துச் சம்மதம் சொல்வதும் என் வேலைதான். பார்த்தேன். மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது, ஏற்றச் சொன்னேன். மற்றபடி சரி என்று எழுதிவிட்டேன்.

பல் டாக்டர் ஒப்புக்கொண்டார். பல்லின் வாயை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பாக்கெட் எல்லாம் இன்று மில்லில் போய் இறங்கியது. வெள்ளிக்கிழமை, ஆவணி முதல் வெள்ளி, புதுப் பாக்கெட்டில் முதல் லோடு கிளம்ப வேண்டும். பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் போன். கதிரேசன் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் எனக்குக் கேட்டது.

பாக்கெட் முழுக்கக் கனியம்மா. தாத்தா இல்லை.

கதிரேசன் என் கம்ப்யூட்டரைத் திறந்தார். எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. “என்னடி பண்ணித் தொலைச்ச” என்றார். தவறுதலாகப் போய்விட்டது என்றேன். பேர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, மாறிப்போய்விட்டது என்றேன். இங்கேயும் அதையேதான் எழுதுகிறேன். மாறிப்போய்விட்டது.

“அப்ப மாதிரி வந்தப்ப என்ன கழட்டுன?”

கண் எரிந்தது, சரியாகப் பார்க்கவில்லை என்றேன். பரக்கத் குனிந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் போல. அவனையும் ஒரு சத்தம் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேரில் வரச் சொன்னார்கள். காரில் போகும்போது கதிரேசன், “நீ வாயைத் திறக்காத. மன்னிப்பு மட்டும் கேளு. மத்ததை நான் பேசிக்கிறேன்” என்றார். சரி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் நினைத்திருந்தேன். தப்பு நடந்துபோனது, மன்னிப்புக் கேட்டால் முடிந்தது. உருளையைத் திரும்பச் செதுக்குவதற்குள் லோடு போய்விடும். இந்த ஒரு லோடாவது அக்கா முகத்தோடு போகட்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

மில்லில் பேக்கிங் பெண்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் பாக்கெட் குவிந்து கிடந்தது. அரைத்த பொடி தார்ப்பாயில் விரித்திருந்தது. கனி அக்கா சுவரோரம் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பழைய சேலை. என்னைப் பார்த்தார்.

அண்ணாச்சி ஒரு பாக்கெட்டை எடுத்துக் கதிரேசன் முன்னால் எறிந்தார். “இதுக்கா உங்கள்ட்ட வந்தோம்?”

ரூபன், “இது பழைய போட்டோ இல்லையே மேடம். புதுசா எடுத்த மாதிரி இருக்கு. இப்படி ஒரு டிசைன் எப்படி வந்துச்சு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். பையன் முட்டாள் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் கதிரேசன் முந்திக்கொண்டார். “அண்ணாச்சி, தப்பு எங்க மேலதான். ஒத்துக்கிறேன். இது என் வொய்ஃப். இவளுக்கு டிசைன் பத்தி ஒண்ணும் தெரியாது. ஃபைல் அனுப்புறது, போன் எடுக்கிறது, அது மாதிரி வேலைதான் பார்க்கிறா. வீட்டுல சும்மா இருக்காளேன்னு ஆபீஸ்ல உக்கார வச்சேன். நான் ட்ரயலுக்குப் போட்டு வச்சிருந்த ஏதோ ஒண்ணை எடுத்து அனுப்பிட்டா. டிசைன் பண்ணினவன் நான், நானே உக்காந்து திரும்பப் பண்ணித் தர்றேன்.”

பேக்கிங் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பாவம் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்றிலிருந்து நான் பிடித்துக்கொண்டிருந்த பொய் அந்த இடத்தில் கசந்துபோனது. தப்பு என்று சொன்னால் நான் ஒன்றும் தெரியாதவள். ஒன்றும் தெரியாதவளாக இருந்தால்தான் எனக்கு மன்னிப்பு.

“மாறிப்போகல” என்றேன்.

“லோசனி” என்றார் கதிரேசன்.

“மாறிப்போகல அண்ணாச்சி. தப்பும் இல்ல. இந்தப் படத்தை எடுத்தது நான். இந்தப் பேரை எழுதினது நான். பார்த்துத்தான் அனுப்பினேன். மாதிரி வந்தப்பவும் பார்த்துத்தான் சரின்னு எழுதினேன். உங்க அப்பாவுக்கு மீசை வரைஞ்சதும் நான்தான். எங்க ஆபீஸ்ல இருந்து போன எல்லாமே நான் வரைஞ்சது. இவரைக் கேளுங்க. ஒரு பேப்பரைக் குடுத்து ஒரு மிளகாயை வரையச் சொல்லுங்க.”

ரூபன் கதிரேசனைப் பார்த்தான். கதிரேசன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அண்ணாச்சிக்குத்தான் முதலில் குரல் வந்தது. “யார் வரைஞ்சா எனக்கென்ன. இத்தனையையும் கொளுத்துங்க. லோடு பத்து நாள் கழிச்சுப் போகட்டும்.”

“பத்து நாள் கழிச்சு யாரு தம்பி வறுப்பா?”

கனி அக்கா. மூட்டையிலிருந்து எழுந்து வந்தார். சத்தமே போடவில்லை.

“மதினி, நீங்க சும்மா இருங்க.”

“சும்மாத்தான் இருக்கப் போறேன். எம் மூஞ்சி இருந்தா பொடி வரும். மாமா மூஞ்சியப் போட்டீகன்னா மாமாவையே வந்து வறுக்கச் சொல்லுங்க.”

ஒரு பெண் பொசுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி மகனைப் பார்த்தார். ரூபன் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, “லோடு போகட்டும்ப்பா. கடைக்காரங்க பெரியம்மா வறுத்ததைத்தான் கேப்பாங்க” என்றான். அண்ணாச்சி செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனார். அவர் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் பாக்கெட்டை எடுத்து ஊதிப் பிரித்து அள்ளிப்போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்று ஒரு பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பவுடர் இல்லாமத்தான் நல்லாருக்கு” என்றார். என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது காரியாபட்டி தாண்டியதும் கதிரேசன் ரோட்டைப் பார்த்தபடியே, “வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்” என்றார்.

“வீட்டுக்கு எதுக்கு. வண்டிய ஓரமா நிறுத்துங்க. இங்கேயே பேசுவோம்” என்றேன்.

நிறுத்தினார்.